மொட்டைப் பலூன் இரண்டு

பலூனை வாயால் ஊதிய தலைமுறை நாம். கன்னம் வலிக்கும், காது அடைக்கும், கடைசியில் உதட்டில் ஒரு ரப்பர்க் கசப்பு ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கும் நினைவிருக்கும். இப்போது மின்சாரப் பம்பு வந்துவிட்டது. காளவாசல் பக்கத்து மண்டபங்களில் பிறந்தநாளுக்கும் காதுகுத்துக்கும் பலூன் அலங்காரம் செய்வது என் தொழில். என்னதான் பம்பு இருந்தாலும், முதல் பலூனை வாயால் ஊதாமல் வேலையைத் தொடங்க மாட்டேன். அந்தக் கசப்பு பட்டால்தான் எனக்குக் கை ஓடும்.

நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன் ஐயா' என்று சொல்வேன். அது வாத்தியார் காதுக்குப் போய்ச் சேராது. பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்துகொண்டே பாதி நாள் வராதவன் ஆனேன். ஆகவே பேசாமல் எழுதுகிறேன். ஒரே ஒரு தை மாதத்தைப் பற்றித்தான்.

அப்போது வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். இப்போது அந்தக் குளத்தில் வருசம் முழுக்கத் தண்ணீர் கிடக்கிறது, படகு விடுகிறார்கள். அன்றைக்கு அது காய்ந்த மைதானம். நடு மண்டபத்துக்கு நடந்தே போவோம். பெரிய பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடுவார்கள். தெப்பத் திருவிழா வரும்போது மட்டும் தண்ணீர் விடுவார்கள். அந்தச் சமயம்தான் எங்கள் வீட்டில் நடக்க இடம் இருக்காது. எங்கு பார்த்தாலும் பலூன்.

அப்பா பலூன் வியாபாரி. உயரமான மூங்கில் கம்பு, அதன் தலையில் வைக்கோல் பிரி, பிரியில் செருகிய குச்சிகள், குச்சிக்கொரு பலூன். புதுப் பலூன் பையைப் பிரித்தால் உள்ளேயிருந்து வெள்ளைப் பவுடர் பறக்கும். அந்த மாதம் முழுக்க எங்கள் சோற்றிலும் அந்த வாசம் இருக்கும். அம்மா குண்டானில் பசை காய்ச்சுவாள். நான் ஜிகினாத் தாளில் பூ வெட்டுவேன். ஒவ்வொரு பலூன் உச்சியிலும் ஒரு பூ ஒட்ட வேண்டும். இது அப்பாவின் தொழில் சட்டம். பூ இல்லாத பலூனுக்கு அவர் வைத்த பெயர் மொட்டை. அது அவர் கம்பில் ஏறவே ஏறாது.

"மொட்டையக் கொண்டுக்கிட்டு வெளிய போனா, நேத்து விக்காம கெடந்ததுன்னு நெனைப்பாக. இந்த வீட்டுல ஒரு பூ ஒட்டக்கூட நாதியில்லைன்னு சொல்லுவாக. நம்ம மானம் அதுலதான்டா இருக்கு" என்பார்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு. எங்கள் வரிசையில் அவ்வளவு தூரம் படித்த பெண் அவள் ஒருத்திதான். அப்பா படிக்க வைத்தார் என்பதைவிட, நிறுத்த மறந்திருந்தார் என்று சொல்லலாம். அந்தத் தை பிறந்ததும் மேலூரிலிருந்து அத்தை வந்து ஞாபகப்படுத்தினார். அத்தை அப்பாவுக்கு மூத்தவர். அவருடைய மகன் கல் குவாரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, மாசி பொறந்தா தட்டோட வாரேன். பொண்ணு எனக்குத்தான். இதுக்கு மேல எதுக்கு இவளுக்குப் பள்ளிக்கூடம்? என்னாடி படிக்கிற இப்ப?"

அக்கா சுவரோடு சாய்ந்துகொண்டு சொன்னாள். "மூலக்கூறு வடிவம் அத்த. தண்ணி, மீத்தேன், அதெல்லாம் உள்ளுக்குள்ள என்ன வடிவத்துல இருக்குன்னு கண்டுபிடிக்கிறது."

அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தண்ணிக்கு வடிவமா? கொடத்துல ஊத்துனா கொடம், செம்புல ஊத்துனா செம்பு. கொட்டிப்புட்டா அதுவும் இல்ல. இம்புட்டுத்தானடி, இதுக்கொரு படிப்பா?"

அப்பாவும் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. அத்தை வெற்றிலையை மடித்து வாயில் போட்ட பிறகு, அப்பாவைப் பார்த்து மட்டும் சொன்னாள். "பள்ளிக்கூடத்துல கண்காட்சி வைக்கிறாகப்பா. என் மேசைக்கு நீங்க வாங்க. வந்து பாருங்க. பாத்துட்டு வேணாம்னா, நின்னுக்கிடுறேன்."

அப்பா சற்று யோசித்தார். "சரி, பாத்துட்டுச் சொல்றேன்க்கா" என்று அத்தையிடம் சொன்னார். எல்லாம் அந்த ஒரு நாளில் வந்து நின்றுவிட்டது.

கண்காட்சிக்கு மூன்று பெண்களுக்கு மூன்று பொருள் கொடுத்திருந்தார்கள். ஒருத்திக்கு மீத்தேன், ஒருத்திக்கு அம்மோனியா, அக்காவுக்குத் தண்ணீர். மற்ற இருவரும் களிமண் உருண்டையில் விளக்குமாற்றுக் குச்சி குத்திக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. எந்தப் பக்கம் குத்தினாலும் குச்சி நிற்கிறதே, தானாகவே ஏன் ஒரு பக்கம் போய் நிற்கிறது என்பதுதானே பாடம் என்று புலம்புவாள்.

ஒரு சாயங்காலம் நானும் அவளும் தெப்பத்துக்குக் கொத்துப் பலூன் கட்டிக்கொண்டிருந்தோம். இரண்டிரண்டாகக் கழுத்தைச் சேர்த்துக் கட்டி, அந்த ஜோடிகளை முறுக்கி நாலாக்குவது எங்கள் வழக்கம். நூல் சுற்றும்போது முடிச்சின் மேல் என் விரலை வைப்பேன். அவள் இறுக்கும்போது விரலும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

"இறுக்கிறாதக்கா, விரல் இருக்கு" என்பேன். ஒரு நாளைக்கு நான் பேசிய பேச்சில் பாதி அதுவாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு நாலு பலூன் கொத்தைத் தரையில் வைத்துத் தட்டையாக அமுக்கினாள். கையை எடுத்ததும் கொத்து எழுந்து பழையபடி நின்றது. மூன்று கீழே கால் மாதிரி, ஒன்று மேலே. மறுபடி அமுக்கினாள். மறுபடி எழுந்தது.

"டேய்" என்றாள். அவள் குரலே மாறியிருந்தது. "புத்தகத்துல கூட்டல் குறி மாதிரி தட்டையா போட்டிருக்கான்டா. தட்டையா இருக்கவே இருக்காது. ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டு எம்புட்டுத் தூரம் வெலக முடியுமோ அம்புட்டு வெலகும். எலக்ட்ரானும் அப்படித்தான். ஜோடி ஜோடியா இருக்கும். ஒரு ஜோடிக்கு இன்னொரு ஜோடியக் கண்டா ஆகாது."

பிறகு ஒரு வாரம் எங்களுக்கு அதுதான் விளையாட்டு. இரண்டு பலூன் என்றால் எதிரும் புதிருமாக ஒரே கோட்டில் நிற்கும். மூன்று என்றால் தட்டையாக முக்கோணம். நாலு என்றால் எழுந்து நிற்கும். நாங்கள் கட்டாத கணக்கு இல்லை. அடுத்தது எப்படி நிற்கும் என்று ஊதுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். அவளிடம் மட்டும் எனக்குச் சத்தமாகச் சொல்ல வந்தது. பெரும்பாலும் சரியாகவே சொன்னேன்.

தண்ணீருக்கு நாலு பலூன். இரண்டில் மட்டும் உச்சியில் வெள்ளைத் தாள் வட்டம் ஒட்டி 'ஹை' என்று எழுதினாள். அது ஹைட்ரஜன். நடு முடிச்சில் சிவப்பு ஜிகினா உருண்டை, அது ஆக்சிஜன். மீதி இரண்டு பலூனிலும் ஒன்றும் ஒட்டவில்லை.

"இது ரெண்டும் தனித்த இரட்டை, வெறும் எலக்ட்ரான் ஜோடி. இதோட நுனியில யாரும் இல்ல. கண்ணுக்கு ஆள் தெரியாது. ஆனா எடத்த அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். மத்த ரெண்டையும் இதுதான் ஒரு பக்கமாத் தள்ளுது. அதான் தண்ணி வளைஞ்சு இருக்கு."

"பெருசா ஊதுனா இன்னும் தள்ளுமாக்கா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்த இரண்டையும் அவிழ்த்து என்னிடம் கொடுத்தாள். முகம் சிவக்க ஊதினேன். திரும்பக் கட்டியதும், தாள் ஒட்டிய இரண்டும் இன்னும் கொஞ்சம் நெருங்கின.

"அதேதான்டா! நுனியில புடிச்சு இழுக்க ஆள் இல்லாததால அது பரந்துதான் கெடக்கும். இது எங்க வகுப்புலயே முக்காவாசிப் பேருக்குப் புரியல" என்று தலையில் தட்டினாள். என் பள்ளிக்கூடத்தில் யாரும் என்னை அப்படித் தட்டியதில்லை.

கண்காட்சி நாள் காலையில் அக்கா முன்னதாகவே பேருந்தில் போய்விட்டாள். பேருந்துக் கூட்டத்தில் பலூன் தாங்காது என்று அப்பா சைக்கிளில் கொண்டுவருவதாக ஏற்பாடு. அன்றைக்கு அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நான் முன்கம்பியில் உட்கார்ந்து அந்தக் கொத்தை மடியில் பிடித்திருந்தேன்.

தெப்பக்குளக் கரையில் சைக்கிளை நிறுத்தினார். அன்றுதான் குளத்துக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். காய்ந்த மண்ணில் தண்ணீர் ஏறும் வாசனை. கொத்தை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் முதல்முறையாக அதைக் கிட்டத்தில் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"என்னடா, ரெண்டு மொட்டையாக் கெடக்கு?"

நான் சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"பாவம், பிள்ளைக்குத் தாள் பத்தல போல. அரக்கப் பரக்கக் கெளம்பிருக்கா. அம்புட்டுப் பேரு பாக்குற எடத்துல மொட்டையோடயா நிப்பா?"

ஜோடி முறுக்கை அவிழ்த்தார். மொட்டை இரண்டும் தனியாக வந்தன. தாள் ஒட்டிய இரண்டும் எதிரும் புதிருமாக ஒரே கோட்டில் போய் நின்றன. சிவப்பு உருண்டையைத் தன் சட்டை நுனியால் துடைத்தார்.

"இப்பப் பாரு. எம்புட்டு நேரா, அம்சமா இருக்கு!"

அப்பா சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். அது தப்பு என்று எனக்குத் தெரியும். 'அது இருந்தாத்தாம்ப்பா வளையும்' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. அங்கேயே நின்றுவிட்டது. அவர் அந்த இரண்டையும் சைக்கிள் கைப்பிடியில் கட்டினார். பள்ளிக்கூட வாசல் வரை என் முகத்தில் அவை மோதிக்கொண்டே வந்தன.

மேசையில் கொத்தை வைத்தபோது அக்காவின் முகம் எப்படிப் போனது என்பதை எழுத எனக்குத் தெரியவில்லை. அப்பா சைக்கிளை நிறுத்தப் போயிருந்தார். அக்கா என் பக்கம் குனிந்து கேட்டாள்.

"நீயாடா எடுத்த?"

நான் தரையைப் பார்த்தேன். அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

அதற்குள் நடுவர் வந்துவிட்டார். கல்லூரியிலிருந்து வந்தவர், கண்ணாடி போட்டவர். அவர் பின்னால் வேதியியல் டீச்சர். இன்னும் பின்னால், மற்றப் பெற்றோர்களுக்கு நடுவில், என் அப்பா.

"என்னம்மா இது?"

"தண்ணி சார்."

"தண்ணி இப்படிக் கம்பு கணக்காவா நிக்கும்?"

பக்கத்து மேசைப் பெண்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஒன்றும் புரியாத ஒரு பயம் வந்திருந்தது. தம்பி எடுத்துவிட்டான் என்று அக்கா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நிக்காது சார். ரெண்டு இல்லாததால இப்படி நிக்குது. இருந்தா வளைஞ்சிரும். இப்பக் கட்டிக் காட்டுறேன்."

என் பக்கம் கையை நீட்டினாள். "எடுடா."

பலூன்காரர் வீட்டுப் பிள்ளை டவுசர்ப் பையில் பலூன் இல்லாமல் இருக்காது. ஆளுக்கொன்று ஊதினோம். நிஜமான இரண்டும் வாசலில் கைப்பிடியில் ஆடிக்கொண்டிருந்தன. ஓடிப்போய் எடுத்து வர ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் எடுத்து வந்தால் யார் அங்கே கட்டியது என்று சொல்ல வேண்டும். அவள் நூலைச் சுற்றினாள். நான் விரலை வைத்தேன். அவள் அவசரமாக இழுத்தாள். நூல் என் விரலை அறுத்தது.

"இறுக்கிறாதக்கா, விரல் இருக்கு" என்றேன். அந்தப் பெரிய கூடத்தில் நான் பேசியது அது ஒன்றுதான்.

நாங்கள் முடிச்சுப் போடுவதற்குள் நடுவர் தாளில் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார். அங்கே யாரோ எரிமலை செய்து புகை வரவழைத்திருந்தார்கள். பரிசு கடைசியில் அதற்குத்தான் போனது. அக்காவின் மேசையில் நின்றது டீச்சரும் அப்பாவும் மட்டும்தான்.

அக்கா விடவில்லை. புது ஜோடியை நடுவில் முறுக்கி ஏற்றினாள். நேராக நின்ற இரண்டும் மெல்ல மடிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தன.

"இந்த ரெண்டுலயும் பாக்குறதுக்கு ஒண்ணும் இல்லப்பா. ஆனா இதுதான் தள்ளுது. தண்ணி வளைஞ்சு இருக்கதாலதான் அது தண்ணியா இருக்கு. நேரா இருந்தா ஒண்ண ஒண்ணு இப்படி ஒட்டிப் புடிக்காது. ஆவியாப் போயிரும். கொடத்துலயும் நிக்காது, குளத்துலயும் நிக்காது."

அப்பா கிட்டே வந்தார். பலூனில் அவர் கைக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. வளைந்த இரண்டையும் பிடித்து நேராக்கிப் பார்த்தார். விட்டார். திரும்ப வளைந்தது. இன்னொரு தடவை செய்தார். மூன்றாவது தடவையும் செய்தார்.

"இத எடுத்துட்டா?" என்று மொட்டையைத் தொட்டார்.

"நேராயிரும்ப்பா. இப்ப நின்னுச்சே, அது மாதிரி."

"ம்" என்றார். தன் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

திரும்பி வரும் வழியில் அதே கரையில் சைக்கிளை நிறுத்தி, கைப்பிடியில் கிடந்த இரண்டையும் அவிழ்த்தார். காற்றை வெளியே விட்டார். அந்தச் சீறலுக்குப் பக்கத்தில் நின்ற ஆடு ஒன்று மிரண்டு ஓடியது.

"இது இருக்கணும்னு உனக்குத் தெரியுமாடா?"

தலையாட்டினேன்.

"பெறகு ஏன்டா வாயத் தெறக்கல?"

அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. சுருங்கிய பலூன்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாசி பிறந்தது. அத்தை சொன்னபடி தட்டோடு வந்தார். அம்மா காபி வைத்தாள். அக்கா பலூனுக்குப் பசை தடவிக்கொண்டே இருந்தாள், ஒரே பலூனுக்கு இரண்டு மூன்று தடவை. அப்பா தட்டைத் தொடவில்லை.

"அக்கா, தண்ணிக்கு வடிவம் இருக்குக்கா."

"என்னாது?"

"இருக்கு. நான் கையால தொட்டுப் பாத்தேன். அவ படிக்கட்டும். உன் மகனுக்கு நானே நல்ல பொண்ணாப் பாத்துத் தாரேன், கோவிச்சுக்கிடாத."

அத்தை கோபித்துக்கொண்டுதான் போனார். இரண்டு வருசம் எங்கள் வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "அதுக்குத்தான் வடிவம் இருக்காம்ல, தொண்டையில குத்திரும்" என்று ஊரெல்லாம் சொன்னாராம்.

அந்தச் சித்திரையில் நான் ஐந்தாவது முடித்தேன். ஆறாவதுக்கு அப்பா என்னை அனுப்பவில்லை. "தெரிஞ்சும் வாயத் தெறக்காதவன் பள்ளிக்கூடத்துல என்னத்தக் கிழிக்கப் போறான்? கையி நல்லா ஓடுது, எங்கூட வரட்டும்" என்று அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. வருத்தமே இல்லை என்றால் அது பொய். ஆனால் அப்பாமேல் கோபம் இல்லை. பேசாதவனுக்கு எதுவும் தெரியாது என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் அப்படி நினைக்கவில்லை; தெரியும் என்று கண்டபிறகுதான் நிறுத்தினார். அதுவும் தப்புத்தான். வேறு மாதிரியான தப்பு.

அக்கா வேதியியலிலேயே பட்டம் வாங்கினாள். குடிநீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. மேலூர்ப் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரெல்லாம் புட்டியில் அடைத்து அவள் மேசைக்குத்தான் வரும். அத்தை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் ஒரு தடவை வந்தது. உப்பு அதிகம் என்று எழுதி அனுப்பினாளாம். அப்பா போய்ப் பல வருசம் ஆகிவிட்டது.

போன மாதம் அவள் பணி ஓய்வு. காளவாசலில் ஒரு சின்ன மண்டபம். அலங்காரம் என்னுடையது. முதல் நாள் மத்தியானம் நான் ஏணிக்குக் கீழே உட்கார்ந்து நாலு நாலாகக் கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நாளைக்கு என்னையப் பேசச் சொல்றாகடா. உன்னையத்தான் சொல்லப் போறேன்."

"என்னைய எதுக்குக்கா?"

"அன்னைக்கு நீ அந்த ரெண்டு பலூன எடுக்காம இருந்திருந்தா, நான் பாட்டுக்கு மேசைக்குப் பின்னாடி மனப்பாடம் ஒப்பிச்சிட்டு நின்னிருப்பேன். அப்பாவும் வந்து பாத்துட்டுப் போயிருப்பாரு. கண்ணு முன்னாடி வளைஞ்சதப் பாத்ததாலதான விட்டாரு? எந்தம்பி தெரியாம செஞ்ச தப்புல வந்த வாழ்க்கைன்னு சொல்லப் போறேன்."

நாற்பது வருசத்துக்கு மேலாக அந்தத் தப்பு என்னுடையதாகவே இருந்தது. அது எனக்குப் பாரமாகவும் இல்லை. ஆனால் நாலு பேர் முன்னால் அதற்கு நன்றி சொல்லப் போகிறாள் என்றதும் தாங்கவில்லை. முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னேன்.

"அது நான் எடுக்கலக்கா. அப்பா எடுத்தாரு."

ஏணியில் நின்ற என் வேலையாள் கம்பி கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். அக்கா அசையவில்லை.

"எங்க வச்சு?"

"தெப்பக்குளக் கரையில. மொட்டையா இருக்குன்னு. பாவம், பிள்ளைக்குத் தாள் பத்தல போல, அம்புட்டுப் பேரு பாக்குற எடத்துல மொட்டையோடயா நிப்பான்னு சொல்லி, அவுத்து எடுத்தாரு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். சொல்ல வரல."

"அப்பாவா? பாவம்னு சொன்னாரா?"

"ம். உருண்டைய வேற சட்டையால தொடச்சாரு. வெள்ளச் சட்டை."

அக்கா கீழே கிடந்த ஒரு பலூனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளியே சந்திப்பில் பேருந்துகள் இரைந்துகொண்டிருந்தன.

"நல்லாப் படிச்சன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லடா அந்த மனுசன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "நீயும் இம்புட்டு நாளா வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்திருக்க பாரு. அவரு பிள்ளைதான் நீ" என்றாள். திட்டுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"நாளைக்கு யாரத்தான்டா சொல்றது?"

"யாரையும் சொல்ல வேணாம்க்கா."

அவள் நாற்காலியை முன்னால் இழுத்தாள். மோதிரத்தைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, நான் பிடித்திருந்த ஜோடியின் கழுத்தில், முடிச்சு விழ வேண்டிய இடத்தில், தன் ஆள்காட்டி விரலை வைத்தாள். நான் நூலைச் சுற்றத் தொடங்கினேன்.

"இறுக்கிறாதடா" என்றாள் அக்கா. "விரல் இருக்கு."